ஒன்பது நாள் சோதித்த கிளிசரின்

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிற தமிழ்ப் பிள்ளைகளுக்கு,

உங்களில் இரண்டு பேர் போன வாரம் வீட்டுக்கு வந்து, "மேடம், உங்க அனுபவத்தை எழுதிக் குடுங்க" என்று கேட்டீர்கள். இவர்களை யார் அனுப்பியிருப்பார்கள் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது. மருந்தையும் அழகுசாதனப் பொருள்களையும் சோதிக்கிற அரசு ஆய்வகத்தில் முப்பத்து மூன்று வருடம் உட்கார்ந்தவளுக்கு வேறு எதுவும் தோன்றாது. பால்காரர் வந்தால் அவர் முகத்தைப் பார்க்க மாட்டேன், பாத்திரத்தைத்தான் பார்ப்பேன். கல்யாண வீட்டில் சந்தனம் கொடுத்தால் மோந்து பார்த்துவிட்டுத்தான் தொட்டுக்கொள்வேன். "உனக்கு இது ஒரு வியாதி" என்பார் என் கணவர். "இதுக்குத்தான் சம்பளம் குடுக்கறாங்க" என்பேன்.

தமிழில் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. ஆங்கிலத்தில் எழுதினால் எல்லாம் அறிக்கை மாதிரி வந்துவிடும். அறிக்கையில் தப்பு செய்தவர் யார் என்பது ஒருபோதும் தெரியாது. இங்கே அது தெரிய வேண்டும்.

முதலில் ஒரு சின்ன விஷயம். நான் நாகப்பட்டினத்துக்காரி. உதடு வறண்டால் மருந்துக் கடையில் கிளிசரின் வாங்கி அப்படியே தொட்டு வைத்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம். தில்லிக்கு வந்த முதல் ஜனவரியில் உதடு, குதிகால், முடி எல்லாம் வறண்டு போக, ஒரு பாட்டில் வாங்கிக் கலக்காமல் கொள்ளாமல் எல்லா இடத்திலும் தடவினேன். மூன்று நாளில் உதடு பிளந்து ரத்தம் வந்தது. முடி துடைப்பக் குச்சியாக நின்றது. கடைக்காரர் கலப்படம் செய்துவிட்டார் என்று நேரே போய் நாலு பேர் முன்னால் அவரைத் திட்டினேன். பிறகு அந்த பாட்டிலை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சுத்தமான சரக்கு.

தப்பு ஊரில் இருந்தது. கிளிசரினுக்குத் தண்ணீர் வேண்டும். கடலோரத்தில் அதைக் காற்றிலிருந்து இழுத்துக்கொள்ளும். தில்லிக் குளிர்காலத்துக் காற்றில் ஈரம் ஏது? அதனால் நம் உதட்டிலிருந்தும் முடியிலிருந்துமே இழுத்தது. பன்னீரோ தண்ணீரோ தாராளமாகக் கலந்து, ஈரமான தோலில் பூசியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. இது தெரிந்த பிறகு கடைக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. வேறு கடைக்குப் போக ஆரம்பித்தேன். என் குணம் அப்போதே அப்படி.

இனி கோமதி விஷயத்துக்கு வருகிறேன்.

கோமதி திருநெல்வேலிப் பக்கம். கணவர் ஓர் அமைச்சகத்தில் குமாஸ்தா. தில்லி லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பிளாக் தள்ளி அவர்கள் வீடு. கிளிசரின், பன்னீர், எலுமிச்சைச் சாறு மூன்றையும் கலந்து வாரா வாரம் புதிதாகத் தயாரித்து, பழைய காபிப் பொடி பாட்டில்களில் ஊற்றி, வாட்ஸ்அப் குழுவில் சொல்லி விற்பாள். முடிக்குத் தெளித்துக்கொள்ள, சாறு இல்லாமல் தண்ணீர் கூடுதலாக விட்டு இன்னொன்று. ஒவ்வொரு மூடியின் மேலும் ரவிக்கை வெட்டியதில் மிஞ்சிய துணியை வைத்து நூலால் கட்டியிருப்பாள். பார்க்க அழகாக இருக்கும். நானும் இரண்டு குளிர்காலமாக அவளிடம்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். கண்டதையும் ஊற்றிக் கழுவிக் கழுவி நம் தொழிலில் கை என்ன கதியாகும் என்பது உங்களுக்கே சீக்கிரம் தெரிந்துவிடும். வேலை நேரத்தில் கையில் எதையும் பூசக் கூடாது, சோதிக்கிற மாதிரியில் ஒட்டிக்கொள்ளும். அதனால் படுக்கப் போகும்போது மட்டும் பூசுவேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய பிப்ரவரியில் சோதனைக்கு ஒரு மாதிரி வந்தது. ஐந்து வயதுப் பெண் குழந்தைக்குக் கன்னத்திலும் புறங்கையிலும் கொப்புளம். வீட்டில் தயாரித்த பூச்சுதான் காரணம் என்று அம்மா புகார். கூடவே குழந்தையின் படங்கள். கன்னத்தில் இருந்த கருஞ்சிவப்புக் கோடுகள் விரல் விரலாக இருந்தன. ஆஸ்பத்திரியில், குழந்தையை யாராவது அடித்தார்களா, சூடு வைத்தார்களா என்று அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்கள். அதையும் புகாரில் எழுதியிருந்தாள். படித்ததும் அந்த அம்மா மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள பாட்டில் மேல் பழி போடுகிறாளோ?

மாதிரியில் தயாரித்தவர் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். அரக்கு முத்திரையை உடைத்து உறையைப் பிரித்தேன். உள்ளே காபிப் பொடி பாட்டில். மூடியில் ஊதா நிற ரவிக்கைத் துணி.

அந்த நிமிஷமே எழுந்து இயக்குநர் அறைக்குப் போய், இது எனக்குத் தெரிந்த பெண் தயாரித்தது, நானே வாங்குகிறேன், வேறு யாரிடமாவது கொடுங்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்து மேஜைக்காரர் அவசரக்காரர், எதிர் மேஜைக்காரி போனைப் பார்த்துக்கொண்டே அளப்பவள், யாரும் என்னைப் போலப் பார்க்க மாட்டார்கள் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். எல்லோரையும் சந்தேகப்பட்டவள் என்னை மட்டும் நம்பினேன்.

எனக்கு வந்த பயம் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். கிளிசரினைப் போலவே நிறமில்லாமல், கொழகொழவென்று, நாக்கில் வைத்தால் இனிப்பாக இன்னொரு திரவம் உண்டு. டை எத்திலீன் கிளைக்கால். தொழிற்சாலைச் சரக்கு, விலை குறைவு. வயிற்றுக்குள் போனால் சிறுநீரகத்தைத் தின்றுவிடும், குழந்தைகள் பிழைப்பது கஷ்டம். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல நம்மாலும் முடியாது. கோமதி முன்பெல்லாம் மருந்துக் கடைப் பாட்டில்தான் வாங்குவாள். வியாபாரம் பெருகியதும் பழைய தில்லி மொத்தக் கடையிலிருந்து கேனில் வாங்குகிறாள் என்று எனக்குத் தெரியும். அவளேதான் பெருமையாகச் சொன்னாள்.

எங்கள் மாடிவீட்டு மீனாவுக்குப் பதினோரு மாதக் குழந்தை. எதை எடுத்தாலும் வாயில் வைக்கிற வயசு. கையிலும் காலிலும் அவள் கோமதியின் பூச்சைத்தான் தடவுவாள், குழந்தை விரலைச் சப்பிக்கொண்டே இருக்கும். மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். சோதனை முடிவு வர நாளாகும். வருவதற்குள் குழந்தைக்கு ஏதாவது ஆகிவிட்டால்? போனை எடுத்தேன்.

"மீனா, கோமதி பாட்டில் இருக்கில்ல, அதைக் குழந்தைக்குத் தடவாதே. தூக்கி வச்சிடு."

"ஏன் மேடம், அதுல என்ன?"

"ஒண்ணும் கேக்காதே. சொன்னதைச் செய்."

இதைவிடத் தெளிவாக ஒரு வதந்தியைக் கிளப்பிவிட முடியாது. 'ஒண்ணும் கேக்காதே' என்று ஆய்வக மேடம் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம் என்று மீனா யோசித்திருப்பாள். யோசித்ததை நாலு பேரிடம் சொல்லியிருப்பாள். மறுநாள் சாயங்காலம் நான் பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கையில் காய்கறி வண்டி பக்கத்தில் இரண்டு பெண்கள் என்னை நிறுத்தி, "கோமதி சாமான்ல விஷமாமே, நீங்கதான் கண்டுபிடிச்சீங்களாமே" என்று கேட்டார்கள். இல்லை என்று மறுக்கவும் முடியவில்லை, ஆமாம் என்று சொல்லவும் முடியவில்லை. தலையை ஆட்டிவிட்டு நடந்தேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே நினைவில்லை.

சோதனை முடிவு வந்தது. கிளிசரின் சுத்தம். நான் பயந்த சரக்கு துளியும் இல்லை.

சந்தோஷப்பட்டேன் என்று நினைக்காதீர்கள். நம்பவில்லை. இவ்வளவு சுத்தமாக எப்படி இருக்கும்? மறுபடி செய்தேன். அதே முடிவு. கருவி மேல் சந்தேகம், கருவியைச் சரிபார்த்தேன். மாதிரியை யாராவது மாற்றிவிட்டார்களோ என்று பார்த்தேன், முத்திரை நான் உடைத்ததுதான். வீட்டில் இருந்த என் பாட்டிலை டப்பா பையில் ஒளித்துக் கொண்டுவந்து அதையும் பார்த்தேன். இது ஒழுங்குக்கு எவ்வளவு விரோதம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதுவும் சுத்தம்.

கொப்புளம் வந்த குழந்தையின் தாத்தா பெரிய பதவியில் இருந்தவர். மேலிடத்திலிருந்து இயக்குநருக்குத் தினமும் போன். இயக்குநர் என் அறை வாசலில் வந்து நிற்பார். "மேடம்ஜி, ஜல்தி கீஜியே. ஃபெயில் யா பாஸ், குச் தோ போலியே." சீக்கிரம், ஃபெயிலோ பாஸோ ஏதாவது ஒன்றைச் சொல்லுங்கள் என்று. பாஸ் என்று சொன்னால் குழந்தையின் கொப்புளத்துக்கு என்ன பதில்? ஃபெயில் என்று சொல்ல என்ன ஆதாரம்? இரண்டும் இல்லாமல் நாளைக் கடத்தினேன். இப்படியே ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளில் வெளியே நடந்தது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் நான் முயலவில்லை.

ஒன்பதாம் நாள் சாயங்காலம் கோமதி என் வீட்டுக் கதவைத் தட்டினாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"நீங்க சொன்னதாச் சொல்லுதாங்கக்கா. நான் வெசம் விக்கேனாம். நெசமா?"

"நான் அப்படிச் சொல்லலை, கோமதி."

"மீனாகிட்ட என்ன சொன்னீங்க?"

சொன்னதைச் சொன்னேன். வேறு வழியில்லை.

"எங்க வீட்டுக்காரருக்கு மெமோ வந்துட்டு. கவர்ன்மென்ட் குவார்ட்டர்ஸ்ல யாவாரம் பண்ணுதோம்னு யாரோ எழுதிப் போட்டிருக்காங்க. பதினஞ்சு நாளைக்குள்ள பதில் சொல்லணுமாம், இல்லன்னா வீட்டைக் காலி பண்ணணுமாம். பெரியவ ப்ளஸ் டூ பரீட்சை எழுதப் போறா. நாங்க எங்கக்கா போவோம்?"

முடிவு வரட்டும் என்றேன். அது எனக்கே அசிங்கமாக ஒலித்தது. முதல் முடிவு வந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது.

அவள் என் கையைப் பார்த்தாள். சட்டென்று பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டு வருசமாப் பூசுதீங்களே. இந்தக் கைக்கு என்னமும் ஆச்சா? எதைஎதையோ டெஸ்ட் பண்ணுதீங்க. ஒங்க கையை ஒரு நாள் பாத்தீங்களா?"

பார்த்தேன். நல்ல கை. வெடிப்பு இல்லை, கருப்பு இல்லை. நான் பூசியதும் இந்தக் குளிர்காலத்துக் கலவைதான், குழந்தைக்குப் பூசியதும் அதே. கோபத்தில்தான் கேட்டாள், ஆனால் ஒன்பது நாளில் யாரும் கேட்காத சரியான கேள்வி அது. இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் என்ன வித்தியாசம்?

"கோமதி, இதை எப்ப பூசணும்னு சொல்லிக் குடுப்பே?"

"ராத்திரி படுக்கும்போது. எங்கூர்ல அப்படித்தான். இங்க நம்மாளுகளுக்குச் சொல்லியிருக்கேன். மத்தவங்களுக்கு இந்தியில எங்க சொல்ல, பாட்டிலைக் குடுப்பேன், அவ்வளவுதான்."

"சாறு எப்பவும் போலத்தான் விட்டியா?"

"இந்த வருசம் ரெண்டு பங்கா விட்டேன். நிறம் குடுக்கணும்னு கேட்டாங்க."

தில்லியில் குளிர்காலத்தைக் கழித்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்ல வேண்டாம். இந்த ஊர்க்காரர்கள் குளித்ததும் குழந்தைக்குக் கடுகெண்ணெய் தேய்த்து மொட்டை மாடியிலோ பூங்காவிலோ வெயிலில் விட்டுவிடுவார்கள். ஆரஞ்சை உரித்துக்கொண்டு மணிக்கணக்காகக் காய்வார்கள். அந்த அம்மா கடுகெண்ணெய்க்குப் பதில் கோமதியின் பாட்டிலை எடுத்திருக்கிறாள். தோலில் எலுமிச்சைச் சாறு இருக்கும்போது நல்ல வெயில் பட்டால் சிலருக்கு ஓரிரு நாளில் சூடுபட்ட மாதிரி கொப்புளிக்கும். பிறகு மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். இது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை. வேலையில் சேர்ந்த புதிதிலேயே படித்தது.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கோப்பிலிருந்த படங்களை எடுத்தேன். குழந்தையின் கொப்புளம் மணிக்கட்டில், ஸ்வெட்டர் கை தொடங்குகிற இடத்தில், கோடு கிழித்தது போல நின்றிருந்தது. அதற்கு மேல் கை சுத்தமாக இருந்தது. உடம்பு முழுக்கப் பூசினேன் என்று அம்மா எழுதியிருந்தாள். பூச்சில் விஷம் இருந்தால் ஸ்வெட்டருக்குள்ளும் கொப்புளித்திருக்கும். கன்னத்துக் கோடு அவள் அடித்ததில்லை, அவள் விரல் பூச்சைத் தடவிய வழி. அந்தப் படத்தை ஒன்பது நாளில் இருபது தடவையாவது பார்த்திருப்பேன். பூச்சில் எலுமிச்சைச் சாறு உண்டு என்பதும் எனக்கு முதல் நாளே தெரியும். எலுமிச்சம்பழம்தானே, என் வீட்டுக் கூடையிலும் கிடப்பதுதானே என்று தாண்டிப் போய்விட்டேன். என் சந்தேகம் முழுக்கக் கேன் மேலேயே இருந்தது. எதைச் சந்தேகப்படச் சொல்லி நமக்குப் பயிற்சி கொடுத்தார்களோ அதை மட்டும்தான் நாம் சந்தேகப்படுகிறோம். இதை எழுதி உங்கள் மேஜையில் ஒட்டிவைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

அறிக்கைப் படிவத்தில் 'தரம் உள்ளது' அல்லது 'தரம் இல்லை' என்பதற்குத்தான் இடம். கீழே குறிப்புக்காக ஒரு கட்டம் உண்டு, யாரும் எழுத மாட்டார்கள். நான் எழுதினேன். கிளிசரினில் குறையில்லை, எலுமிச்சைச் சாறும் வெயிலும் சேர்ந்ததில் வந்தது, குழந்தையின் கன்னத்தில் உள்ளவை அடித்த தடம் அல்ல என்றே தோன்றுகிறது, தோல் மருத்துவர் ஒருவர் பார்த்து உறுதி செய்ய வேண்டும். இயக்குநர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். குறிப்பை எடுத்துவிடுங்கள், வம்பு என்றார். எடுக்க முடியாது என்றேன்.

அதோடு இன்னொரு தாளையும் நீட்டினேன். இது எனக்குத் தெரிந்தவர் தயாரித்தது, நானே வாங்குபவள், அதை மறைத்தேன், முடிவு வருவதற்கு முன்னால் வெளியே பேசினேன் என்று எழுதியிருந்தேன். "அப் க்யோ(ன்), மேடம்?" இப்போது போய் இது எதற்கு என்றார் அவர், நிஜமாகவே வருத்தப்பட்டு. ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. அத்தனை வருடத்தில் எனக்கு வந்த ஒரே எச்சரிக்கைக் கடிதம் அதுதான். அதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தால் காட்டுகிறேன்.

தோல் மருத்துவர் பார்த்து ஆமாம் என்றார். ஆஸ்பத்திரிக்காரர்கள் அந்த அம்மாவை விட்டுவிட்டார்கள். குழந்தையின் தோல் மழைக்காலத்துக்குள் தெளிந்துவிட்டது. அறிக்கையின் நகலை வைத்துக் கோமதியின் கணவர் பதில் எழுதினார், இனி வீட்டில் வியாபாரம் இல்லை என்று கையெழுத்துப் போட்டார், வீடு தப்பியது. பெரியவள் பரீட்சை எழுதினாள். ஆனால் கோமதி சாமானில் ஏதோ இருந்ததாம் என்கிற பேச்சு மட்டும் நிற்கவில்லை. அறிக்கையை எத்தனை பேர் படித்தார்கள்? என் போன் பேச்சு எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது? மூடியில் கட்டிய துணிகளை அவள் அவிழ்த்து, பாட்டில்களைப் பழைய சாமான் வாங்குகிற கபாடிக்காரனிடம் எடைக்குப் போட்டதாக மீனா சொன்னாள்.

அன்று நான் போன் செய்யாமல் இருந்திருக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்பீர்கள். பல நாள் யோசித்துவிட்டேன். பதினோரு மாதக் குழந்தை விரலைச் சப்பிக்கொண்டிருக்கிறது, உங்கள் மேஜையில் அந்த பாட்டில் இருக்கிறது. இன்னொரு முறை அப்படி நேர்ந்தாலும் மீனாவுக்கு போன் செய்யாமல் இருப்பேன் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அன்றைக்கே கோமதியிடமும் போயிருப்பேன். அவள் வீட்டுக்கு இரண்டு பிளாக்தான். சந்தேகத்தை அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும்படி வைத்துக்கொண்டேன். முடிவு சுத்தம் என்று வந்த பிறகும், காய்கறி வண்டிக்குப் போய் அந்தப் பெண்களிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் வெட்கப்படுவது அதற்குத்தான்.

போன நவம்பரில் கோமதி மறுபடி ஆரம்பித்திருக்கிறாள். குடியிருப்புக்கு வெளியே அவள் அண்ணன் எடுத்த கடைக்குப் பின்னால் ஓர் அறை, முறையான உரிமம். எலுமிச்சை கிடையாது. எப்போது பூச வேண்டும், எவ்வளவு தண்ணீர் சேர்க்க வேண்டும் என்று தமிழிலும் இந்தியிலும் பாட்டிலிலேயே எழுதி ஒட்டுகிறாளாம். மூடியில் துணி கட்டுவதை மட்டும் விடவில்லை. கேள்விப்பட்டதும், எனக்கு இரண்டு வாங்கி வா என்று மீனாவிடம் சொல்லி அனுப்பினேன். நானே போயிருக்கலாம். போகவில்லை.

மீனா வெறுங்கையோடு வந்தாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"உங்களுக்குன்னு சொன்னேன் மேடம். குடுக்க மாட்டேன்னுட்டாங்க. ஒம்பது நாள் டெஸ்ட் பண்ணினாங்கல்ல, அதுல மிச்சம் இருக்கும், அதைப் பூசிக்கச் சொல்லுன்னாங்க."

அந்த மிச்சத்தை விதிப்படி அழித்தாகிவிட்டது. இந்தக் குளிருக்குக் கடையில் பெரிய கம்பெனி பாட்டில் ஒன்று வாங்கினேன். மோந்து பார்த்தேன், விரலில் தொட்டுப் பார்த்தேன், லேபிளை இரண்டு முறை படித்தேன், மூடி வைத்துவிட்டேன். பிப்ரவரி வந்துவிட்டது. வெடித்த கையோடுதான் இதை எழுதுகிறேன்.